33, 45, 78: பழைய இசைத்தட்டைச் சரியான வேகத்தில் சுழலவைப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், சித்தூர் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்துத் தமிழ் வீடுகளில் இப்போது பரணிலிருந்து இசைத்தட்டுகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. பழைய வீட்டை இடிக்கும்போது ஒரு தகரப்பெட்டி கிடைக்கிறது. பாகம் பிரிக்கும்போது யாருக்கும் வேண்டாத சாமானாக ஒரு பிளேயர் ஒதுங்குகிறது. அதை ஆசையோடு தூக்கிக்கொண்டு வரும் இளைஞர்கள் தட்டை வைத்து ஓடவிட்ட உடனே கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பாட்டு ஏன் இழுக்கிறது? அல்லது, பாடுகிறவர் குரல் ஏன் கீச்சென்று இருக்கிறது?

விடை வேகத்தில் இருக்கிறது. ஆனால் குமிழைத் திருப்பி எண்ணைப் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடாது. தட்டு எந்த வேகத்தில் பதிவானது, உங்கள் பெட்டி, அதாவது பிளேயர், உண்மையில் எந்த வேகத்தில் சுற்றுகிறது, ஊசி அந்தத் தட்டுக்கு உரியதுதானா என்ற மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அளந்து பாருங்கள், சுருதி வைத்துக் கேளுங்கள் என்பதே இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்லப்போவது.

முதலில் தட்டைப் பாருங்கள்

கனமாக, கறுப்பாக, விளிம்பில் சில்லுப் பெயர்ந்து, பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 78. நிமிடத்துக்கு 78 சுற்று. அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக்கால் ஆனது. கைதவறினால் கண்ணாடி போல உடைந்துவிடும். 10 அங்குலத் தட்டில் பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பாட்டு. அந்தக் கால வித்வான்கள் ஒரு கீர்த்தனையை மூன்று நிமிடத்துக்குள் அடக்கியதும், நீண்ட ராகத்தை இரண்டு பக்கமாகப் பிரித்துப் பாடியதும் இந்த வரம்பால்தான். லேபிளில் வேகம் அச்சிடப்படாமலே இருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். மேற்கே 1950களிலேயே ஒதுங்கத் தொடங்கிய 78, இந்தியாவில் 1960களிலும் அச்சாகிக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78-ல் வந்தன. ஆகவே பாட்டின் ஆண்டை வைத்துத் தட்டின் வேகத்தை முடிவுசெய்ய வேண்டாம்.

வளையக்கூடிய வினைல் தட்டாக இருந்தால் 33⅓ அல்லது 45. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் 12 அங்குல எல்.பி. பொதுவாக 33⅓. சினிமாப் பாட்டுகள் நிறைய வந்த 7 அங்குல இ.பி. பொதுவாக 45. பொதுவாக என்று சொல்லக் காரணம் உண்டு: 33⅓-ல் ஓடும் 7 அங்குலத் தட்டும், 45-ல் ஓடும் 12 அங்குலத் தட்டும் இருக்கின்றன. லேபிளைப் படித்துவிட்டுத்தான் ஊசியை வைக்க வேண்டும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1926-ல் வைட்டாஃபோன் முறையில் பேசும்படத்துக்கு ஒலி சேர்த்தபோது, ஒரு ரீல் ஓடும் சுமார் பதினோரு நிமிடமும் ஒரே தட்டில் அடங்குவதற்காக 16 அங்குலத் தட்டை 33⅓-ல் சுற்றவிட்டார்கள். 1948-ல் கொலம்பியா நிறுவனம் அதே வேகத்தில் நுண்வரி எல்.பி.யைக் கொண்டுவந்தது; வரி என்பது ஊசி ஓடும் பள்ளம், இதில் அது மெல்லியது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் 45-ஐப் போட்டிக்கு இறக்கியது. பழைய பெட்டிகளில் 16 என்றும் ஓர் எண் இருக்கும். அது 16⅔; பேச்சுப் பதிவுகளுக்கு உதவிய வேகம். நம் வீடுகளில் அந்தத் தட்டு கிடைப்பது அரிது.

ஊசி சரியில்லாமல் வேகத்தைத் தொடாதீர்கள்

78-இன் வரி அகலமானது. அதற்குச் சுமார் 3 மில், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு, முனை ஆரம் உள்ள ஊசி வேண்டும். வினைலின் நுண்வரிக்கு 1 மில். ஸ்டீரியோ தட்டுக்கு இன்னும் சிறியது, சுமார் 0.7 மில். நுண்வரி ஊசியை 78-ல் வைத்தால் அது வரியின் அடியில் உட்கார்ந்து அங்கே படிந்த தூசியைத்தான் பாடும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் வரியே சிதையும். ஒருமுறை சிதைந்த வரி திரும்ப வராது.

பழைய செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் தலைப்பகுதி) பலவற்றில் ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருப்பினால் 78 ஊசியும் எல்.பி. ஊசியும் மாறி மாறிக் கீழே வரும். வேகக் குமிழைத் திருப்பும்போதெல்லாம் இதையும் திருப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனில் வினைல் தட்டை எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். ஊசி பொருத்திய அதன் தலையான சவுண்ட் பாக்ஸின் பளுவும் எஃகு ஊசியும் சேர்ந்து ஒரே ஓட்டத்தில் தட்டை உழுதுவிடும். அந்த எஃகு ஊசியும் ஒரு பக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்ற வேண்டியது.

உங்கள் பெட்டி எப்படி வேகத்தை மாற்றுகிறது?

இது தெரியாமல் பழுதைத் தேட முடியாது. சுழல்தட்டின் மேல் இருக்கும் ரப்பர் விரிப்பை எடுங்கள். நடு அச்சில் கொக்கி வளையம் இருந்தால் கழற்றிவிட்டு, சுழல்தட்டை மெல்ல மேலே தூக்குங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

அடியில், மோட்டாரின் அச்சு படிப்படியாகத் தடித்துக்கொண்டு போவது தெரிந்து, அதன் பக்கத்தில் ஒரு ரப்பர் சக்கரம் இருந்தால் அது ரப்பர் சக்கரப் பெட்டி. நம் வீடுகளில் கிடைக்கும் பழைய சூட்கேஸ் பிளேயர்களில் பெரும்பான்மை இதுதான். மோட்டார் எப்போதும் ஒரே வேகத்தில்தான் ஓடும். குமிழைத் திருப்பினால் ரப்பர் சக்கரம் மேலும் கீழும் நகர்ந்து, அச்சின் வேறொரு படியைத் தொடும். தடித்த படியைத் தொட்டால் 78, மெல்லிய படியைத் தொட்டால் 16. சக்கரத்தின் மறுபக்கம் சுழல்தட்டின் உள்விளிம்பை உரசித் தள்ளும். வேகத்தைத் தீர்மானிப்பவை அச்சுப் படியின் விட்டமும் சுழல்தட்டு உள்விளிம்பின் விட்டமும்தான். இடையில் இருக்கும் ரப்பர் சக்கரம் பெரிதா சிறிதா என்பது கணக்கில் வராது. ஆகவே இந்த வகைப் பெட்டி மெதுவாக ஓடினால் மோட்டாரை மாற்றக் கிளம்ப வேண்டாம். சக்கரம் வழுக்குகிறது, அல்லது மோட்டாரின் எண்ணெய் கெட்டிப்பட்டுவிட்டது. முதலில் சந்தேகப்பட வேண்டியவை இந்த இரண்டும்தான்.

ரப்பர் சக்கரத்தின் விளிம்பு, மோட்டார் அச்சு, சுழல்தட்டின் உள்விளிம்பு மூன்றையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பர் பளபளவென்று இறுகியிருந்தால் மிக நைசான உப்புத்தாளால் விளிம்பைச் சுற்றிலும் சமமாக, லேசாகத் தேயுங்கள். மோட்டாரின் தாங்கிகளில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெயை மட்டும் விடாதீர்கள். எங்கள் பக்கத்தில் கீல் முதல் கிணற்று ராட்டினம் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் கைக்கு வரும். ஆனால் அது நாளடைவில் பிசினாகி அச்சையே பிடித்துக்கொள்ளும். நான் திறந்து பார்த்த பெட்டிகளில் பல இப்படித்தான் நின்றுபோயிருந்தன.

பெல்ட் ஓட்டும் பெட்டியில் மோட்டார் கப்பியில் இரண்டு படிகள் இருக்கும். சிலவற்றில் 33-இலிருந்து 45-க்குப் போகப் பெல்ட்டைக் கையால் ஒரு படியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டும். சிலவற்றில் ஒரு கவை அதைத் தள்ளிவிடும். பெல்ட் தளர்ந்தால் வேகம் குறைவதோடு நீண்ட ஸ்வரம் அலைந்து நடுங்கும். பாலக்காட்டு மழைக்காலங்கள் சிலவற்றைக் கண்ட பழைய பெல்ட் சில சமயம் கறுப்புப் பிசினாக உருகிக் கப்பியில் ஒட்டியிருக்கும். அதைச் சுத்தமாகச் சுரண்டித் துடைத்த பிறகே புதுப் பெல்ட் போட வேண்டும்.

இப்போது கடைகளில் விற்கும் சிறு பிளேயர்கள் நேர்மின் மோட்டாரில் ஓடுகின்றன. பலவற்றில் மோட்டாரின் அடியிலோ உள்ளிருக்கும் பலகையிலோ சிறு துளைக்குள் ஒரு திருகு இருக்கும். மெல்லிய திருப்புளியால் மயிரிழை திருப்பினாலே வேகம் மாறும். புதிதாக வாங்கியது என்பதற்காக வேகம் சரி என்று எண்ணிவிடாதீர்கள். இந்த வகையை அவசியம் அளந்து பார்க்க வேண்டும்.

மோட்டாரே சுழல்தட்டின் அச்சாக இருக்கும் நேரடி வகை வேறு தரம். டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்.எல்.-1200 1972-ல் வந்தது. 1979-ல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் குவார்ட்ஸ் படிகம் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நகர்த்தியும் உண்டு. ஆனால் அதில் 78 இல்லை.

சாவிப் பெட்டியில் மின்சாரமே கிடையாது. முறுக்கிய ஸ்பிரிங்கின் விசையை ஒரு கவர்னர் கட்டுப்படுத்துகிறது: தட்டையான ஸ்பிரிங் பட்டைகளில் பொருத்திய சிறு குண்டுகள் வேகம் கூடும்போது வெளியே விரிந்து, ஒரு வட்டத் தகட்டை இழுத்துத் தோல் திண்டின் மேல் உரசச்செய்யும். வேகத் திருகு அந்தத் திண்டை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. திண்டு காய்ந்தால் வேகம் குதிக்கும். அதில் ஒரு சொட்டு எண்ணெய் ஊறட்டும்.

மின்சாரம்: வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிக்கு ஓர் எச்சரிக்கை

எல்லைப்புறத்தில் வளைகுடா போய்வந்த ஆள் இல்லாத தெரு குறைவு. அங்கிருந்து வந்த பிளேயர்களும் நிறைய. குவைத்திலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் மின்சாரம் நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ். சவூதி அரேபியாவில் 60 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் 60.

மாறுமின் ஒத்தியங்கு மோட்டார் இந்த அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். 60-க்குச் செய்த பெட்டியை நம் ஊரில் சொருகினால் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும்: 33⅓ என்பது 27.8 ஆகிவிடும். விளக்கு எரியும், தட்டு சுற்றும், எதுவும் கருகாது. பாட்டு மட்டும் மூன்று அரைஸ்வரத்துக்குச் சற்று அதிகமாகக் கீழிறங்கும். 5½ கட்டையில் (கட்டை என்பது ஆதார சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்) பாடிய பெண்குரல் 4 கட்டைக்குத் தாழ்ந்து ஆண்குரல் போல ஒலிக்கும். 110 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும்; அதிர்வெண்ணைத் தொடாது. இதற்குத் தீர்வு 1.2 மடங்கு விட்டமுள்ள மோட்டார் கப்பிதான். சில நிறுவனங்கள் 50-க்கும் 60-க்கும் தனித்தனிக் கப்பி தந்திருக்கின்றன. பெட்டியின் உள்ளே திருகி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நல்ல லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். நேர்மின் மோட்டாருக்கும் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கும் இந்தச் சிக்கல் கிடையாது.

வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் பற்றி இன்று கவலைப்பட வேண்டியதில்லை. தென்னிந்திய மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் பிற தொகுப்புகளோடு இணைந்தது. இப்போது அனுமதிக்கும் வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ். அந்த அளவு ஏற்ற இறக்கம் காதுக்குத் தெரியாது. ஜெனரேட்டரில் ஓட்டும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. சுமை ஏறி இறங்கும்போது அதன் அதிர்வெண்ணும் ஆடும்.

அளப்பது எப்படி?

எளிய வழி எண்ணுவது. சுழல்தட்டின் விளிம்பில் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டுங்கள். ஒரு தட்டை வைத்து ஊசியையும் வைத்து ஓடவிடுங்கள். ஊசியின் இழுவையும் கணக்கில் சேர வேண்டும். பெட்டி ஐந்து நிமிடமாவது ஓடிச் சூடான பிறகு எண்ணத் தொடங்குங்கள். 33⅓ என்றால் 100 சுற்றுக்குச் சரியாக 180 விநாடி ஆக வேண்டும். 1.8 விநாடி கூடினாலோ குறைந்தாலோ 1 சதவீதப் பிழை. 45-க்கு 60 விநாடியில் 45 சுற்று. 78-ஐக் கண்ணால் எண்ணுவது கடினம்; கைபேசியில் படம்பிடித்து மெதுவாக ஓட்டி எண்ணுங்கள்.

இதைவிடத் துல்லியமானது ஸ்ட்ரோப் தாள். வட்டமாகக் கோடுகள் அச்சிட்ட இந்தத் தாளைத் தட்டின் மேல் வைத்து, மின்விளக்கின் ஒளியில் பார்க்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். சுற்றும் திசையிலேயே நகர்ந்தால் வேகம் அதிகம், எதிர்த்திசையில் நகர்ந்தால் குறைவு. விநாடிக்கு ஒரு கோடு நகர்ந்தால் 1 சதவீதம் என்று கணக்கு.

இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. இணையத்தில் இறக்கும் தாள்களில் பல அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கானவை. நமக்கு வேண்டியதில் 33⅓-க்கு 180 கோடு, 45-க்கு 133, 78-க்கு 77 இருக்கும். 216, 160, 92 என்று இருந்தால் அது நமக்கு உதவாது. இரண்டாவது, இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் பல இப்படி மினுங்குவதில்லை. கோடுகள் வெறும் சாம்பல் வட்டமாகத் தெரியும். பழைய குண்டு பல்போ, கனமான சோக் வைத்த பழைய டியூப்லைட்டோ வேண்டும். பல வீடுகளின் மாட்டுக்கொட்டிலில் இன்னும் ஒன்று தொங்குகிறது. அதைக் கழற்றி வாருங்கள்.

78-க்குக் காதுதான் தீர்ப்பு

பெட்டி துல்லியமாக 78-ல் சுற்றினாலும் தட்டு 78-ல் பதிவாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொடக்ககாலப் பதிவுகள் எழுபதுகளில் தொடங்கி எண்பதைத் தாண்டியும் பல வேகங்களில் செய்யப்பட்டன. மின்மோட்டார் வந்த பிறகு கணக்கு நிலைப்பட்டது. அப்போதும் 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 78.26 என்றும் 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 77.92 என்றும் இரண்டு எண்கள்; அந்த வேறுபாடு காதுக்கு எட்டாத அளவு சிறியது. ஆனால் 74-ல் பதிவான ஒரு தட்டை 78-ல் ஓட்டினால் கிட்டத்தட்ட ஓர் அரைஸ்வரம் ஏறிவிடும். 1 கட்டையில் பாடியவர் 1½ கட்டையில் பாடுவதாகக் கேட்கும். ஆலாபனையில் பிருகாக்கள் அவசரப்படும். குரலின் கனம் போய்விடும். கோட்டாயியில் பிறந்த செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) போன்ற ஒருவரின் வெண்கலக் குரல் மெலிந்து ஒலிப்பதைக் கேட்டுவிட்டு, பழைய தட்டு அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். அது அநியாயம்.

கைபேசியில் தம்புரா செயலியைத் திறந்து, தட்டின் ஆதார சட்ஜத்தோடு சேருங்கள். ஓர் அரைஸ்வரம் என்பது வேகத்தில் சுமார் 6 சதவீதம். பாட்டின் சுருதி இரண்டு கட்டைகளுக்கு இடையில் நின்றால் வேகத்தைச் சந்தேகப்படலாம். ஹார்மோனியப் பக்கவாத்தியம் உள்ள நாடகப்பாட்டுகளில் இது எளிது. ஹார்மோனியம் தன் கட்டையிலிருந்து நழுவாது. பாரி என்னும் நீண்ட நாதஸ்வரத்தின் தட்டு என்றால் 2 அல்லது 2½ கட்டை அருகில் எதிர்பார்க்கலாம். வாய்ப்பாட்டில் மட்டும் ஒரு நிதானம் வேண்டும்: வித்வான்கள் வயதோடு சுருதியை இறக்கிக்கொள்வது உண்டு, தம்புராவும் கட்டைக்கு இடையில் சேர்க்கப்பட்டிருக்கலாம். அதனால் ஒரே பாடகரின் ஒரே காலத்துத் தட்டுகள் சிலவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முடிவுக்கு வாருங்கள். நாதஸ்வரமோ தவிலோ வாசிக்கும் பெரியவர் தெருவில் இருந்தால் அவரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். எந்தச் செயலியையும்விட விரைவாக, "இது ஏறி நிற்கிறது, இறக்குங்கள்" என்று சொல்லிவிடுவார்.

வேகத்தைக் கண்டுபிடித்ததும் உறையின் மேல் பென்சிலால் எழுதிவையுங்கள். லேபிளில் எழுத வேண்டாம்.

பெட்டியில் 78 இல்லையென்றால்

புதிய பிளேயர்களில் பல 33⅓, 45 இரண்டோடு நின்றுவிடுகின்றன. 3 மில் ஊசி மாட்ட முடிந்தால் 78 தட்டை 45-லேயே ஓட்டிக் கணினியில் பதிவுசெய்து, பிறகு வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம். 45-ல் பதிவானதை 1.733 மடங்கு ஏற்றினால் 78. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகம் மாற்றும் இடத்தில் இந்த எண்கள் தயாராகவே இருக்கின்றன. சுருதியை மாற்றாமல் நீளத்தை மட்டும் மாற்றும் வசதியும் அதில் உண்டு, அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். சுருதியும் காலமும் சேர்ந்து மாற வேண்டும். தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் சமப்படுத்தும் பிளேயரின் ஒலிச்சமன் கணக்கு இந்த முறையில் சற்றுப் பிசகும்; கூர்மையோ மந்தமோ தெரிந்தால் கடைசியில் காதால் சரிசெய்துகொள்ளலாம்.

ஓட்டாத நாட்களில்

ரப்பர் சக்கரப் பெட்டியில் வேகக் குமிழை நடுநிலையில், சக்கரம் அச்சைத் தொடாதபடி விட்டுவையுங்கள். தொட்டபடியே மாதக்கணக்கில் இருந்தால் ரப்பரில் அந்த இடம் அழுந்தி, ஒவ்வொரு சுற்றிலும் தடதடவென்று அடிக்கும். சாவிப் பெட்டியில் ஸ்பிரிங்கை முழுதும் அவிழவிட்டு வையுங்கள். பெல்ட்டைக் கழற்றித் தாளுறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முன்பே தட்டுகளைத் தரையிலிருந்து உயர்த்தி, படுக்கவைக்காமல் நிமிர்த்தி அடுக்கிவிடுங்கள்; வளைந்த தட்டில் வேகம் எவ்வளவு சரியாக இருந்தாலும் சுருதி அலையும்.